நடுகல்லும் பெரட்டுக்களமும்: டெங்கில் வட்டாரத் தோட்டத் தமிழரும் பொதுவிடச் சிற்பமும்

முன்னுரை

மலேசிய இந்தியர் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் எழுத்துச் சான்றுகளையே நாடுவர். குடியேற்ற அறிக்கைகள், தொழிலாளர் துறைக் குறிப்புகள், தோட்டக் கணக்கேடுகள், நாளிதழ்கள் ஆகியன அவ்வகையில் முதன்மை பெறுகின்றன. பொதுவிடங்களில் நிறுத்தப்பட்டுள்ள சிலைகளும் நினைவுக்கற்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பது அவ்வளவாகக் கருதப்படுவதில்லை. ஒரு சமுதாயம் யாரைக் கல்லிலும் வெண்கலத்திலும் வடித்து ஊர் நடுவே நிறுத்தியது என்பது அதன் மதிப்பீடுகளைக் காட்டும். யாரை நிறுத்தாமல் விட்டது என்பது அதனினும் தெளிவாகக் காட்டும்.

சிலாங்கூர் மாநிலம் சிப்பாங் மாவட்டத்தில், லங்காட் ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர் டெங்கில். அதன் சுற்றுவட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்டிருந்தது. இன்று அதே வட்டாரம் நாட்டின் நிருவாகத் தலைநகராகிய புத்ராஜெயாவையும், 1990களின் இறுதியில் உருவான சைபர்ஜெயாவையும், 1998இல் திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையத்தையும் தன்னருகே கொண்டுள்ளது. இம்மாற்றத்திற்கு இடம் கொடுத்து விலகிய தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினர் டெங்கிலில் குடியமர்த்தப்பட்டனர். டெங்கில் போன்றதோர் ஊரின் பொதுவிடத்தில் அம்மக்களை நினைவுகூரும் சிற்பம் ஒன்று நிறுத்தப்படுமாயின் அது எத்தகையதாக அமைய வேண்டும்? இவ்வினாவைத் தமிழரின் நினைவுக்கல் மரபோடும், தமிழகத்திலும் மலேசியாவிலும் இக்காலத்தில் எழுந்த பொதுவிடச் சிற்பங்களோடும் ஒப்பிட்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

பெயர் பொறித்த கல்

தமிழர் பொதுவிடத்தில் நிறுத்திய சிற்பங்களுள் தொன்மையானது நடுகல்லாகும். தொல்காப்பியம் புறத்திணையியலில் இதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளில் வகுத்துரைக்கிறது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நிலை. அதனை எடுப்பதற்குரிய தொடக்கச் செயல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் ஆகியன முறையே தொடர்கின்றன. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்கள் இவ்வரிசையை ஒட்டியே அமைந்திருப்பதும் ஈண்டு நினையத்தக்கது. கல் நடுதல் சிற்பி ஒருவனின் தனிச்செயலன்று. ஊரார் ஒன்றுகூடிப் படிப்படியாக நிறைவேற்றிய கடமை என்பதை இவ்வகைப்பாடு உணர்த்துகிறது.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்திலுள்ள புலிமான் கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தவையாக மதிப்பிடப்படும் இக்கற்களுள் ஒன்று, கூடல் ஊரில் நிகழ்ந்த ஆகோளில் மாண்ட தீயன் அந்தவன் என்பவனின் நினைவாக நடப்பட்டதாகும். அவன் மன்னனல்லன், குறுநிலத் தலைவன் என்பதற்கும் சான்றில்லை. ஆயினும் அவனது பெயர், அவன் மாண்ட நிகழ்ச்சி, அது நிகழ்ந்த ஊர் ஆகிய மூன்றையும் அச்சிறு கல் தாங்கி நிற்கிறது.

இரா. நாகசாமி அவர்களை ஆசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ இம்மரபின் விரிவை அறிஞர் உலகிற்கு உணர்த்தியது. திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக அக்கல் நடப்பட்டது. அவனோடு நின்ற நாயின் உருவமும் அதில் இடம்பெற்றுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்ற செய்தியையும் கல்வெட்டு கூறுகிறது. எருமை காத்தவன் பெயரையும், அவனுடன் நின்ற நாயின் பெயரையும் எழுதி வைப்பது தன் கடமை என ஏழாம் நூற்றாண்டில் ஓர் ஊர் கருதியிருக்கிறது.

இச்சான்றுகளிலிருந்து நடுகல் மரபின் அடிப்படைக் கூறுகள் மூன்றினை வரையறுக்கலாம். நினைவுகூரப்படுபவரின் பெயர் கூறப்படுதல் ஒன்று. அவர் ஆற்றிய செயல் கூறப்படுதல் மற்றொன்று. அச்செயல் நிகழ்ந்த இடத்தோடு அல்லது அவருடைய ஊரோடு கல் தொடர்புபட்டிருத்தல் மூன்றாவது. உயரம், பொருட்செலவு, சிற்ப நுட்பம் ஆகியன இம்மரபில் இரண்டாம் இடத்தையே பெற்றன.

நாற்சந்திக்கு வந்த சிலை

ஐரோப்பிய ஆட்சியாளர்களின் வழியாகவே ஆளுநர், அரசியார், படைத்தலைவர் ஆகியோரின் முழுவுருவச் சிலைகளைப் பீடத்தின்மேல் நிறுத்தும் வழக்கம் தமிழகத்திற்கு வந்தது. விடுதலைக்குப் பின்னர் அப்பீடங்களில் ஆட்கள் மாறினர். பீடத்தின் இலக்கணம் பெரிதும் மாறவில்லை. இவ்விலக்கணத்திலிருந்து விலகி நிற்பது சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையாகும். சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றிய தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த இவ்வெண்கலச் சிற்பம் 1959 ஜனவரியில் நிறுவப்பட்டது. பாறையொன்றைப் பெயர்த்துத் தள்ளும் நால்வரை அது காட்டுகிறது. 1923இல் ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய அதே கடற்கரையில் அது நிற்பது பொருத்தமே. எனினும் நால்வருள் ஒருவருக்கும் பெயரில்லை. பெண்ணொருத்தியும் அங்கில்லை. உழைப்பு என்னும் கருத்திற்கு உருவம் கிடைத்தது. உழைத்தவருக்குப் பெயர் கிடைக்கவில்லை.

அச்சிலைக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கடற்கரையில் எழுந்த சிலை வரிசைக்கும் நம் பல்கலைக்கழகத்திற்கும் ஒரு தொடர்புண்டு. இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் முதலாம் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக 1968 ஜனவரியில் சென்னையில் கூடிய இரண்டாம் மாநாட்டையொட்டியே திருவள்ளுவர், ஒளவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வீரமாமுனிவர், கால்டுவெல், போப் முதலியோரின் சிலைகள் நிறுத்தப்பட்டன. தமிழ்மொழிக்குத் தொண்டாற்றியோரை வழிபாட்டிற்குரியோராக அன்றி மதிப்பிற்குரியோராக மக்கள் நடமாடும் சாலையோரத்தில் நிறுத்தியது ஒரு திருப்புமுனை எனலாம். கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், 2006 ஜூனில் அது மீண்டும் நிறுவப்பட்டதும், அச்சிலைகளை மக்கள் தம்முடையனவாகக் கொண்டிருந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

1968ஆம் ஆண்டு மாநாட்டோடு தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கீழத் தஞ்சையிலுள்ள கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவ்வூரில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் 44 பேரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கடற்கரைச் சிலைகளின் பொலிவு அதற்கில்லை. ஆயினும் பெயர், நிகழ்ச்சி, இடம் என்னும் மூன்று கூறுகளும் அங்கு ஒருங்கே அமைந்துள்ளன. நடுகல் மரபு இருபதாம் நூற்றாண்டில் உயிர்பெற்ற இடம் கீழ்வெண்மணி என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

தோட்டத்தின் பொதுவிடம்

இனி, மலாயாத் தோட்டத்தை நோக்குவோம். ஊர் நடுவில் மன்றமும் ஆலமரத்தடியும் கொண்டிருந்த தமிழக உழவர், இங்கு வந்தபின் கண்ட பொதுவிடம் பெரட்டுக்களமாகும். பொழுது புலரும் முன்னரே ஆணும் பெண்ணும் அங்கு வரிசையில் நிற்க, கங்காணியும் கிராணியும் பெயரழைத்து நிரை பிரித்துக் கொடுப்பர். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார் வந்து நிற்பர். ஒருவரின் பெயர் உரத்துக் கூறப்பட்ட பொதுவிடம் அதுவொன்றே. செக்ரோல் எனப்பட்ட பேரேட்டில் வேலைக்கு வந்த நாளைக் குறிப்பதற்காகவே அப்பெயர் வாசிக்கப்பட்டது. இலங்கை மலையகத் தோட்ட வழக்கில் ‘பேர்’ என்னும் சொல்லே ஒரு நாள் கூலிக்கான பதிவைக் குறிக்கலாயிற்று. பாதி நாள் கூலி அரைப்பேர் எனப்பட்டது. ஒரு காலத்தில் கல்லில் எழுதப்பட்ட பெயர், தோட்டத்தில் கூலிக் கணக்கின் அலகாகச் சுருங்கியதை இச்சொல்லாட்சி காட்டுகிறது.

தோட்டத்துப் பாதைகூடத் தொழிலாளருக்கு உரியதாக இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின்போது, கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதனும் முன்னெடுத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இடம்பெறவில்லை. துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிர்ப்படும்போது தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். பொதுவழியில் தலைநிமிர்ந்து செல்லும் உரிமைக்காக மாண்டவர்களின் பெயர்கள் மலேசியத் தமிழரின் பொது நினைவில் இன்று இடம்பெறவில்லை என்பது வருந்தத்தக்கது.

தொழிலாளர் தாமாக உருவாக்கிக்கொண்ட பொதுவிடம் தோட்டக் கோயில். லயங்களை ஒட்டிய மாரியம்மன் கோயில், தோட்ட எல்லையில் மரத்தடியில் நின்ற முனியாண்டி, சூலம் நட்ட மேடை ஆகியவையே அவர்கள் நிறுத்திய சிற்பங்கள். செங்கல்லும் சுதையும் கொண்டு எளிய கைகளால் ஆக்கப்பட்ட இவ்வுருவங்களில் காவல் தெய்வ வழிபாட்டின் வழியாக நடுகல் மரபின் எச்சம் காணக்கிடக்கிறது. ஆனால் தெய்வம் இடம்பெற்ற அளவிற்கு மனிதர் இடம்பெறவில்லை. தோட்டம் நிறுவனத்தின் நிலம். அந்நிலத்தில் கோயிலுக்கு இசைவு கிடைத்தது. வேலைநிறுத்தத்தில் மாண்டவனுக்குக் கல் நட இசைவு கிடைத்திருக்குமா என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாட்டின் காரணம் விளங்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் சிற்பங்கள்

தோட்டக் கோயிலின் மரபு நகர்ப்புறத்தில் எய்திய உச்சம் பத்துமலை முருகன் சிலையாகும். 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட இச்சிலை 42.7 மீட்டர் உயரமுடையது. ஏறத்தாழ 25 லட்சம் ரிங்கிட் செலவில் எழுந்த இதனைத் தமிழகத்திலிருந்து வந்த சிற்பி தியாகராஜன் தலைமையிலான குழுவினர் அமைத்தனர். உலகின் மிக உயரமான முருகன் சிலை என்ற சிறப்பை அது 16 ஆண்டுகள் பெற்றிருந்தது. சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022இல் திறக்கப்பட்ட 146 அடிச் சிலை அச்சிறப்பைப் பின்னர் எடுத்துக்கொண்டது. பத்துமலைச் சிலையின் முன் நின்று மகிழாத மலேசியத் தமிழர் இலர் எனலாம். சிறுபான்மைச் சமுதாயம் ஒன்று தன் இருப்பை நாடறிய நிலைநாட்டியது என்ற வகையில் அதன் வரலாற்று முதன்மை பெரிது. எனினும் உயரத்தால் பெறும் புகழை மற்றோர் உயரம் முறியடிக்கும் என்பதையும் அதன் வரலாறே உணர்த்துகிறது.

பிரிக்பீல்ட்ஸ் வேறொரு நிலையைக் காட்டுகிறது. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற அப்பகுதி, இரயில்வே ஊழியரும் தொழிலாளருமாகிய தமிழரின் வாழிடமாக வளர்ந்தது. 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங், மலேசியப் பிரதமர் நஜிப் ஆகியோர் அதனை ‘லிட்டில் இந்தியா’வாகத் தொடக்கி வைத்தனர். வளைவுகளும் யானை உருவங்கள் கொண்ட நீரூற்றும் அங்கு எழுந்தன. 2015 நவம்பரில் இந்தியாவின் அன்பளிப்பாகச் சாஞ்சி அமைப்பைப் பின்பற்றிய தோரண வாயில் திறக்கப்பட்டது. இவை அழகுடையன, இரு நாட்டு நட்பின் அடையாளங்கள். ஆயினும் செங்கல் அறுத்தவரையோ தண்டவாளம் போட்டவரையோ இவற்றுள் தேடிக் காண இயலாது. இரயில்வே ஊழியர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ‘நூறு வீடுகள்’ குடியிருப்பு இடிக்கப்பட்டதும் இதே காலப் பகுதியில்தான். வாழ்ந்தவரின் தடம் நீக்கப்பட்ட பகுதியிலேயே அவர்தம் பண்பாட்டின் பொதுச் சின்னங்கள் எழுந்தன.

இவ்விரண்டு இடங்களிலும் நமக்குக் கிடைத்தவை தெய்வத்தின் உருவமும் நாகரிகத்தின் சின்னமுமாகும். முன்னர்க் கூறிய நடுகல்லின் மூன்று கூறுகள் இவற்றில் அமையவில்லை. அவை அமைய வேண்டிய இடம் எது என்னும் வினா நம்மை மீண்டும் டெங்கிலுக்கு அழைத்துச் செல்கிறது.

இருமுறை பெயரிடப்பட்ட நிலம்

இன்றைய புத்ராஜெயா நிற்கும் நிலத்தின் பெரும்பகுதி பிராங் புசார் தோட்டமாக இருந்தது. 1918இல் ஆயர் ஈத்தாம் என்ற பெயரில் 800 ஏக்கராகத் திறக்கப்பட்ட அந்நிலத்தை, 1921இல் முதலாம் உலகப்போரில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலேய முன்னாள் படைவீரர்கள் வாங்கினர். அவர்கள் தாம் ஈடுபட்ட போரின் நினைவாகவே அதற்குப் ‘பெரும்போர்’ எனப் பொருள்படும் மலாய்ப் பெயரைச் சூட்டினர். பின்னர் அண்டைத் தோட்டங்களையும் இணைத்துக்கொண்டு அது 8,000 ஏக்கராக விரிந்தது. அங்கு உருவாக்கப்பட்ட ரப்பர் ஒட்டு வகைகள் தோட்டத்தின் முதலெழுத்துகளையே தம் பெயராகக் கொண்டு உலகெங்கும் பரவின. பி.பி. 86 என்னும் வகை இலங்கையிலும் கேரளத்திலும் பெருமளவில் பயிரிடப்பட்டது. ஐரோப்பாவில் நிகழ்ந்த போரின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில், தமிழர் மூன்று தலைமுறைகளாகப் பால்மரம் வெட்டினர் என்பதும், அம்மரத்தின் வழித்தோன்றல்களுக்குக்கூடப் பெயரும் எண்ணும் வழங்கப்பட்டன என்பதும் கருதத்தக்கன.

1993இல் அந்நிலம் புதிய நிருவாகத் தலைநகருக்குரிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1995இல் கட்டுமானம் தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கு இடம்பெயர்ந்தது. 2001 பிப்ரவரி முதல் நாள் அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவை நினைவுகூரும் பெயர் அதற்கு வழங்கப்பட்டது. ஆக, ஒரே நிலம் இருமுறை பெயர் பெற்றுள்ளது. இரண்டுமே நினைவுப் பெயர்கள். ஏரிக்கரையில் 68 மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கும் புத்தாயிரமாண்டு நினைவுச்சின்னம் நாட்டின் வரலாற்று நிகழ்வுகளைக் காட்டுமாறு அமைக்கப்பட்டது. அந்நிலத்தைத் திருத்தியவர்களுக்கென்று ஒரு கல் அங்கு நடப்பட்டதாகத் தெரியவில்லை.

பிராங் புசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 400 குடும்பங்கள் 1990களின் இறுதியில் டெங்கிலிலுள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக் குடியிருப்பிற்கு மாற்றப்பட்டன. லயத்தின் முன் காய்கறி பயிரிட்டும் ஆடு மாடு வளர்த்தும் வாழ்ந்தவர்கள் மாடிப்படி ஏறும் வாழ்க்கைக்குப் பழக வேண்டியதாயிற்று. அக்கட்டடங்களில் தோன்றிய விரிசல்களைப் பற்றிய முறையீடுகளும், தனித்தரை வீடுகள் வேண்டும் என்ற கோரிக்கையும் அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் நாளிதழ்களில் தொடர்ந்து இடம்பெற்றன. தலைநகரின் வரலாறு எழுதப்படும்போது இக்குடும்பங்களின் வரலாறும் அதன் ஒரு பகுதியே என்பதை மறுத்தற்கியலாது.

காஞ்சனபுரியில் ஒரு நடுகல்

தோட்டத் தொழிலாளருக்குக் கல் நடுதல் நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சிலர் கருதலாம். அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று அக்கருத்தை மறுக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் 1942 முதல் 1943 அக்டோபர் வரை சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில்பாதை அமைக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களோடு ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளரும் உழைத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மாண்ட ஆசியத் தொழிலாளரின் எண்ணிக்கை 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்த தகடு உண்டு. அதே பாதையில் மாண்ட தமிழருக்கு அத்தகைய பதிவில்லை. காட்டிலும் ஆற்றங்கரையிலும் புதையுண்டவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. படைவீரனுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு, தொழிலாளனுக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு என்ற நிலை இறப்பிலும் தொடர்ந்தது.

இக்குறையை ஓரளவு போக்கும் வகையில், தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 2023 மே முதல் நாள் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. தமிழ்நாட்டு அரசின் ஆதரவும் இம்முயற்சிக்குக் கிடைத்தது. எண்பது ஆண்டுகள் கடந்த பின்னர் நடப்பட்ட இக்கல்லுக்கு அமைப்பாளர்கள் ‘நடுகல்’ என்றே பெயரிட்டதும், அதற்குத் தொழிலாளர் நாளைத் தேர்ந்ததும் பொருள் பொதிந்தவை. செயலும் இடமும் அங்கு அமைந்துவிட்டன. பெயர்கள் மட்டும் அமையவில்லை. அமைய இயலாது, ஏனெனில் பெயர்களைச் சொல்லவல்ல தலைமுறை அதற்குள் மறைந்துவிட்டது. காஞ்சனபுரிக் கல் நமக்குத் தரும் ஊக்கமும் எச்சரிக்கையும் இவையே.

டெங்கிலில் நடவேண்டிய கல்

இவ்விடத்தில் எழக்கூடிய ஒரு மறுப்பை நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். நல்ல வீடு வேண்டி நெடுங்காலம் காத்திருந்த மக்களுக்குச் சிலை எதற்கு என்று கேட்கலாம். இக்கேள்வி நியாயமானது. சிலை திறப்பு விழாக்கள் தீர்க்கப்படாத சிக்கல்களை மாலைகளாலும் மேடைப் பேச்சுகளாலும் மறைத்துவிடும் தன்மையன. உரிமைக்கு ஈடாகக் கல்லைத் தருவதாயின் அக்கல் வேண்டாம் என்பதே சரியான விடையாகும்.

ஆனால் வீட்டுரிமையும் நினைவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் ஒன்று இழப்பீடும் வீடும் கோரும்போது, தான் அந்நிலத்தில் எத்தனை தலைமுறை உழைத்தது என்பதையே சான்றாகக் காட்ட வேண்டியுள்ளது. அச்சான்று பலரிடம் வாய்மொழியாகவே உள்ளது. லயங்கள் இடிக்கப்பட்டு, நிரைகள் அழிக்கப்பட்டு, தோட்டத்தின் பெயரே வரைபடத்திலிருந்து நீங்கிய பின்னர், ‘நாங்கள் இங்கிருந்தோம்’ என்று சொல்வதற்கு மக்களிடம் எஞ்சுவது நினைவு ஒன்றே. நினைவைப் பொதுவில் நிறுத்துவது உரிமைக் குரலுக்கு வலுச்சேர்க்குமேயன்றி அதனைக் குறைக்காது. நடுகல் நட்ட பழந்தமிழரும் மாண்டவனின் குடும்பத்தைக் கைவிட்டுவிட்டுக் கல்லை மட்டும் நடவில்லை. குருதி சிந்தி வீழ்ந்தவனின் வழியினருக்கு நிலக்கொடை அளித்த வழக்கம் உதிரப்பட்டி எனக் கல்வெட்டுகளில் பேசப்படுகிறது. கல்லும் நிலமும் சேர்ந்தே கொடுக்கப்பட்டன என்பது நாம் மறந்துவிட்ட செய்தியாகும்.

அவ்வாறாயின் டெங்கிலில் நிறுத்தத்தகும் சிற்பம் எத்தகையது? பீடத்தின்மேல் ஒரு தலைவரின் உருவம் வேண்டியதில்லை. பெயரற்ற தொழிலாளி ஒருவரின் வீறார்ந்த உருவமும் போதுமானதன்று. சென்னை உழைப்பாளர் சிலையின் குறையை நாம் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. உருவம் ஒன்று இருக்குமாயின் அதில் பெண் இருத்தல் வேண்டும். பால்வெட்டும் கத்தியோடு நிரையில் நின்றவர்களிலும், வாளி சுமந்தவர்களிலும், வெளிக்காட்டில் புல் அறுத்தவர்களிலும் பெண்களின் பங்கு மிகப்பெரிது. எனினும் உருவத்தினும் இன்றியமையாதது பெயர்ப்பட்டியலாகும். நான்கு தோட்டங்களின் பெயர்களும், அங்கு வாழ்ந்த குடும்பத்தினரின் பெயர்களும், அவர்கள் செய்த வேலையும், அவர்கள் வெளியேறிய ஆண்டும் அதில் எழுதப்படுதல் வேண்டும். பெரட்டுக்களத்தில் கூலிக்காக வாசிக்கப்பட்ட பெயர்கள் ஊர் நடுவில் மதிப்பிற்காக வாசிக்கப்படுவது, அப்பெயர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறாகும்.

முடிவுரை

தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளில் நடுதல் நான்காவதாகவே வருகிறது. அதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று உள. முதல் நிலையாகிய காட்சி, தக்க கல்லைத் தேடிக் காண்பது. டெங்கிலைப் பொறுத்தவரை இந்நிலை பெயர்களைத் தேடிக் காண்பதாகும். தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், பழைய அடையாள அட்டைகள், கோயில் திருவிழா அறிக்கைகள், குடும்பப் புகைப்படங்கள், எல்லாவற்றினும் மேலாக முதியோரின் வாய்மொழி ஆகியவற்றைக் கொண்டு அப்பட்டியலை ஆக்கலாம். இப்பணிக்கு அரசாணையோ பெருநிதியோ தேவையில்லை. இந்திய ஆய்வியல் மாணவர் தம் பட்டப்படிப்பு ஏடுகளுக்குரிய களப்பணியாக இதனை மேற்கொள்ள இயலும். கோலாலம்பூரிலிருந்து டெங்கில் நெடுந்தொலைவும் அன்று.

பிராங் புசாரில் பால்மரம் வெட்டியவர்களுள் இன்றிருப்போர் முதுமையை எய்தியவர்கள். சயாம் மரண இரயில்பாதையில் மாண்டோரின் பெயர்களைக் கேட்டறிய நமக்கு வாய்ப்பிருந்த காலத்தில் நாம் கேட்கத் தவறினோம். டெங்கிலில் அவ்வாய்ப்பு இன்னும் சில ஆண்டுகளுக்கு உண்டு. கல் பின்னர் வரட்டும். பெயர்கள் இப்பொழுதே எழுதப்படுதல் வேண்டும்.